மஞ்சள் கோடு போட்ட நோட்டு

பின்னால் நிற்பவர்களும் முன்னால் வந்து உட்காருங்கள், திட்ட வரவில்லை.

போன வருடம் ஒரு மாணவன் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். பரீட்சைக்கு முந்தின இரவு நண்பனிடம் ரிட்டாலின் என்ற கவனக்குறைபாட்டு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு விடிய விடியப் படித்திருக்கிறான். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், ஒரு வரி மிச்சமில்லை. "அன்றைக்கு எல்லாமே முக்கியமாகத் தெரிந்தது சார்" என்றான். பரீட்சையிலும் அதே கதைதான், முதல் கேள்விக்கே ஒன்பது பக்கம் எழுதிவிட்டு மற்றதற்கு நேரமில்லாமல் போனது.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1930-களிலேயே அமெரிக்க மாணவர்கள் கண்விழிக்க ஆம்ஃபெடமின் என்ற ஊக்க மருந்தை விழுங்கினார்கள். ரிட்டாலினில் இருக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து 1944-இல் முதன்முதலில் உருவாக்கப்பட்டது. கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து, அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. மற்றவர்களுக்கு அது என்ன செய்கிறது? மூளையில் ஆர்வத்தைத் தூண்டும் டோபமின் என்ற ரசாயனத்தைக் கூட்டி, சலிப்பான வேலையையும் விடாமல் செய்யத் தூண்டுகிறது. அதனால் நன்றாகப் படித்துவிட்டோம் என்ற நிறைவு வருகிறது, படிப்பு ஏறியதா என்பது வேறு விஷயம்.

2023-இல் வெளியான ஓர் ஆய்வில் 40 பேருக்கு இதையும் மோடஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெடமின் என்ற வேறு இரண்டு ஊக்க மருந்துகளையும் தனித்தனி நாட்களில் கொடுத்து, குறிப்பிட்ட எடைக்குள் அதிக மதிப்புள்ள பொருட்களைப் பைக்குள் அடைக்கிற கணக்கைப் போடச் சொன்னார்கள். மாத்திரை போட்டபோது பொருட்களை அதிகத் தடவை எடுத்து எடுத்து வைத்தார்கள், உழைப்பு கூடியது, ஆனால் அந்த உழைப்பின் தரம் குறைந்தது. படித்தபோது அந்த மஞ்சள் நோட்டுதான் என் கண்முன் வந்தது.

அப்புறம் தூக்கம். படித்ததை மூளை பதிய வைக்கிற வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது, அதையே விற்றுத்தான் அந்த இரவை வாங்குகிறீர்கள்.

எனக்கு அதிகக் கவலை மார்க்கைப் பற்றி இல்லை, மனதைப் பற்றித்தான். மருந்து இறங்கும்போது மனமும் சேர்ந்து இறங்குகிறது, அந்தப் பள்ளத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் அடுத்த மாத்திரைக்குப் போகிறார்கள். சிலருக்கு இதயக் கோளாறு இருப்பது அவர்களுக்கே தெரியாது, அப்படிப்பட்டவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து.

மாதக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், இன்றைக்கே தனியாக நிறுத்திவிட வேண்டாம். கடும் சோர்வும் துக்கமும் வரும், டாக்டரிடம் சொல்லுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சிறுவயதிலிருந்தே கவனம் நிற்காமல் தவிக்கிறவர்களும் போய்ப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயேதான் இருப்பேன், பெயர் கேட்க மாட்டேன்.