சணல் ஊரில் முளைத்த விளையாட்டு

எல்லோருக்கும் வணக்கம். வீடியோ கேம் என்றதும் நமக்கு ஜப்பான், அமெரிக்கா என்றுதான் ஓடும். நான் இன்று பேச வந்தது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற டண்டீயைப் பற்றி. ஒன்றரை லட்சம் பேருக்குள் அடங்கிவிடும் ஊர். ஒரு காலத்தில் வங்காளத்துச் சணல் கப்பல் கப்பலாக அங்கே போய் இறங்கியது. கல்கத்தா பக்கமே ஆலைகள் எழும்பியதும் டண்டீ ஆலைகள் படுத்துவிட்டன.

சரி, சணலுக்கும் கேமுக்கும் என்ன உறவு? நேரடியாக ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலை அந்த ஊருக்கு வந்தது. 1982இல் வெளியான, சின்க்ளேர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் அங்கேதான் தயாரானது. ரப்பர் பொத்தான்கள், திரைக்கு வீட்டு டிவி, ஆரம்ப விலை 125 பவுண்டு. சில பெட்டிகள் தொழிற்சாலையின் பின்வாசல் வழியாகவும் வெளியேறின என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எப்படியோ, பையன்கள் கைக்கு வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் பேசிக் என்ற புரோகிராம் எழுதும் மொழிதான் வந்து நிற்கும். ஏதாவது எழுதிப் பார்க்கத்தான் கை போகும்.

டைமெக்ஸில் வேலை பழகிய டேவிட் ஜோன்ஸ், வேலை போனபோது கிடைத்த பணத்தில் அமிகா என்ற கம்ப்யூட்டரை வாங்கினார். கம்ப்யூட்டர் கிளப் நண்பர்களோடு டிஎம்ஏ டிசைன் என்ற கேம் நிறுவனம் பிறந்தது. அவர்களில் மைக் டெய்லி, ஒரு மதிய இடைவேளையில், எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள் குட்டி உருவங்களை நடக்கவிட்டார். அதுதான் 1991இல் 'லெம்மிங்ஸ்' என்ற கேம் ஆனது. 1997இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'. அதே ஆண்டில்தான் டண்டீயின் அபர்ட்டே பல்கலைக்கழகம் கேம் பட்டப்படிப்பைத் தொடங்கியது. கவனியுங்கள், கேம் முதலில், படிப்பு அப்புறம்.

பிறகு டிஎம்ஏ எடின்பரோவுக்குப் போய் ராக்ஸ்டார் நார்த் ஆனது. ஜோன்ஸ் தொடங்கிய ரியல்டைம் வேர்ல்ட்ஸ் 2010இல் கவிழ்ந்தது. வேலை இழந்தவர்களில் பலர் ஊரை விட்டுப் போகாமல் சின்னச் சின்ன நிறுவனங்களாக முளைத்தார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் ஜோன்ஸிலிருந்து தொடங்குவார்கள். நான் டைமெக்ஸின் அசெம்பிளி வரிசையிலிருந்துதான் தொடங்குவேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1993இல் கசப்பான வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். ஊரில் பெர்த் ரோடு பக்கம் ஒரு செங்கல் தூணில் வெண்கல லெம்மிங்ஸ் சிலைகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன.