10 மீட்டர் பத்திரம், அரை மீட்டர் ஆபத்து: டைவிங் போர்டு எங்க போச்சு?

ஒலிம்பிக்ல 10 மீட்டர் மேடையில இருந்து ஒருத்தர் குதிக்கிறார். மூணு மாடி உயரம். தண்ணியைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். மேல வந்து, தலையைத் துவட்டிக்கிட்டு, மார்க் எவ்வளவுன்னு பார்க்குறார்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவுல ஒரு வீட்டுக் குளம். அங்க குதிக்கறதுக்கு நீட்டி வச்சிருக்கற போர்டு தண்ணிக்கு மேல ஏறக்குறைய அரை மீட்டர்தான். அதுல இருந்து டைவ் அடிச்ச சில பசங்க கழுத்து உடைஞ்சு, ஆயுசுக்கும் கை கால் அசைக்க முடியாமப் போயிருக்காங்க.

உயரம் குறைஞ்சா ஆபத்தும் குறையணும்தானே? இங்க ஏன் தலைகீழா இருக்கு? டைவிங் போர்டு ஏன் காணாமப் போச்சுங்கறதுக்கான பதிலும் இந்தக் கேள்வியிலதான் இருக்கு.

பின்னணியை வேகமா முடிச்சிடறேன். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு, மோட்டலுக்கு மோட்டல் (சாலையோர விடுதி), ஊருக்கு ஊர் குளம் கட்டுனாங்க. குளம்னா போர்டு இருக்கும். இன்னிக்கு அதுல பல குளத்துல போர்டு இல்ல. அவ்வளவுதான்.

[திரையில்: விமான இறக்கை, அதுக்குப் பக்கத்துல டைவிங் போர்டு]

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ரேமண்ட் ரூட்னு ஒருத்தர், லாக்ஹீட் விமானக் கம்பெனியில வேலை பார்த்தவர். அந்தக் காலத்து போர்டு எல்லாம் மரம். ஊறும், விரியும், உடையும். இவர் விமான இறக்கைக்கான அலுமினியத் தகட்டை எடுத்து போர்டு செஞ்சு பார்த்தார். அதுல இருந்து பொறந்ததுதான் டூராஃபிளெக்ஸ். 1960 ரோம் ஒலிம்பிக்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஸ்பிரிங்போர்டு (துள்ளற பலகை) போட்டின்னா அதுதான். அடுத்த தடவை டைவிங் பார்க்கும்போது கவனிங்க: குதிக்கறதுக்கு முன்னாடி வீரர் காலாலயே ஒரு சக்கரத்தை உருட்டுவார். போர்டு எவ்வளவு துள்ளணும்னு தன் உடம்புக்கு ஏத்த மாதிரி வச்சுக்கறார். எவ்வளவு அழகான பொருள் பாருங்க!

சரி, பலகை நல்ல பலகை. அப்ப கழுத்தை உடைச்சது எது? தரை.

இங்கதான் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். நம்ம ஊர்ல பம்ப்செட் ரூம் மேல ஏறி கிணத்துக்குள்ள குதிச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். தோண்டிக் கட்டுன கிணத்துல சுவர் நேரா இறங்கும். தண்ணி ஆழம் முப்பது அடின்னா இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் எல்லா இடத்துலயும் அதே ஆழம். வீட்டுக் குளம் அப்படி இல்ல. "ஆழம் எட்டு அடி"ன்னு சொல்லுவாங்க, ஆனா அந்த எட்டு அடி போர்டு முனைக்குக் கீழ கொஞ்ச தூரத்துக்குத்தான். அதைத் தாண்டுனதும் தரை மேல ஏற ஆரம்பிச்சிடும், ஏன்னா அந்தப் பக்கம் குழந்தைங்க நிக்கணும். இருக்கறது ஒரே குளம். அதுல நிக்கவும் வேணும், குதிக்கவும் வேணும்.

இப்ப யார் குதிக்கிறாங்கன்னு பாருங்க. பயிற்சி எடுத்தவர் போர்டுல இருந்து மேல எழும்பி, நேர் குத்தா தண்ணிக்குள்ள இறங்குவார். பதினாறு வயசுப் பையன் என்ன செய்வான்? ஓடி வந்து, முடிஞ்ச வரைக்கும் தூரமாப் பாய்வான். அவன் தண்ணிக்குள்ள இறங்கற கோணமும், ஏறி வர்ற அந்தச் சரிவும் ஒரே இடத்துல சந்திக்கும். கையை முன்னாடி நீட்டலைன்னா முதல்ல படறது தலை.

அரை மீட்டர் போர்டுல இருந்து சும்மா எம்பிக் குதிச்சாலே தண்ணிக்குள்ள போற வேகம் நொடிக்கு நாலு மீட்டரைத் தாண்டும். தலை முட்டும்போது நொடிக்கு மூணு மீட்டர் வேகம் இருந்தாலே கழுத்து உடையலாம். அது ஜாகிங் போற வேகம்தான்! தலை நின்னுடும், பின்னாடி வர்ற உடம்பு நிக்காது. மொத்த எடையையும் கழுத்து வாங்கிக்கும். பெரும்பாலும் அடிபடறது ஐந்தாவது கழுத்தெலும்பு இருக்கற பகுதி. அதுக்குள்ள போற தண்டுவடம் நசுங்கிச்சுன்னா அதுக்குக் கீழ எதுவும் அசையாது.

10 மீட்டர் மேடைக்குக் கீழ 5 மீட்டர் ஆழம் வைக்கறாங்க, அந்த ஆழம் முன்பக்கமும் நீண்டு போகும். அதனாலதான் அங்க குதிக்கறவர் பத்திரமா மேல வர்றார்.

1991ல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு பதினாறு வயசுப் பையனுக்கு இப்படித்தான் ஆச்சு. வழக்குல ஜூரி சுமார் 1.1 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லிச்சு. அதுல பெரிய பங்கு யார் தலையில விழுந்துச்சு தெரியுமா? போர்டு செஞ்சவங்க மேலயோ குளம் கட்டுனவங்க மேலயோ இல்ல. குளம் எந்த அளவுல இருக்கணும்னு விதி எழுதுன தொழில் சங்கமான நேஷனல் ஸ்பா அண்ட் பூல் இன்ஸ்டிடியூட் மேல. சில வகைக் குதிப்புல சரிவுல முட்டற ஆபத்து இருக்குன்னு ஆய்வுகள் முன்னாடியே சொல்லியிருந்தும் விதியை மாத்தலைங்கறதுதான் குற்றச்சாட்டு. 2000த்துல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செஞ்சது. சங்கம் திவால் மனு போட வேண்டியதாச்சு. அந்தத் தீர்ப்பு நியாயமானதுன்னுதான் நான் நினைக்கறேன். பேப்பர்ல ஒரு அளவை எழுதுறவங்களுக்கும் பொறுப்பு உண்டு.

ஆனா இப்படிப்பட்ட வழக்குகளோட விளைவைப் பாருங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்க பிரீமியத்தை ஏத்துனாங்க, சிலர் போர்டு இருக்கற குளத்துக்கு பாலிசியே தரமாட்டோம்னாங்க. மோட்டல்காரர் என்ன செய்வார்? குளத்தை ஆழப்படுத்த ஏகப்பட்ட பணம் ஆகும். போர்டைக் கழட்ட ஒரு ஸ்பேனர் போதும்.

பிரிட்டன்லயும் போச்சு. வெஸ்டன்-சூப்பர்-மேர்ல 1937ல கட்டுன கான்கிரீட் டைவிங் மேடையை 1982ல இடிச்சுட்டாங்க. லண்டன் பக்கத்துல குராய்டன்ல 1979ல மூடுன பர்லி வே குளம் பிறகு செடி விக்கிற கடையாச்சு. மேடை மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டுமானமா நிக்குது.

எனக்கு இதுல வருத்தம் இருக்கு. டைவிங்ல கழுத்து உடையற பெரும்பாலான விபத்துகள் ஆழம் குறைவான தண்ணியில நடக்கறவை. போர்டே இல்லாத கரையில இருந்து, ஆத்துல, ஏரியில, நாலடித் தண்ணியில பாய்ஞ்சு அடிபடறாங்க. போர்டைக் கழட்டுனதும் சில இடத்துல ஆழமான பகுதியையும் தூர்த்துட்டு சறுக்குமரம் வச்சாங்க. பாதுகாப்பா குதிக்கக் கத்துக்கற இடம் போச்சு. குதிக்கற ஆசை போகல. புதுசா பொதுக் குளம் கட்டற ஒவ்வொரு ஊரும் ஓரமா ஒரு ஆழமான தொட்டி, ஒரே ஒரு போர்டு, பக்கத்துல ஒரு பயிற்சியாளர்னு ஒதுக்கணும். இது ஆடம்பரம் இல்லைங்க.

சென்னையில இருக்கறவங்களுக்கு: 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டுன வேளச்சேரி நீச்சல் வளாகத்துல டைவிங்குக்குன்னே தனிக் குளம் இருக்கு. கத்துக்கணும்னா அந்த மாதிரி இடத்துல, பயிற்சியாளர்கிட்ட கத்துக்கோங்க. தெரியாத தண்ணியில முதல் தடவை தலைகீழா குதிக்கவே குதிக்காதீங்க, காலை வச்சு இறங்கி ஆழம் பாருங்க.

உங்க ஊர்க் குளத்துல போர்டு இன்னும் இருக்கா? கழட்டுன அடையாளமா நாலு போல்ட் மட்டும் இருக்கா? எந்த ஊர், எப்ப எடுத்தாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிப்பேன்.