கேம்பர்வேனுக்கு ஆர்எஸ்ஏ (ரோட்சைடு அசிஸ்டன்ஸ்) வாங்கலாமா? காசு கட்டுறதுக்கு முன்னாடி டேப் எடுத்து வண்டியை அளங்க!

[திரையில்: கொல்லிமலை ரோடு, மேலிருந்து எடுத்த காட்சி. கேமரா வளைவு வளைவா இறங்கி ஒரு வெள்ளை வேன் மேல வந்து நிக்குது.]

கொல்லிமலை. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. அதுல 35-வது வளைவுல உங்க கேம்பர்வேன் நின்னு போச்சு. உள்ளே கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, ஃப்ரிட்ஜ்ல மீன் குழம்பு இருக்கு. இன்ஜின் மட்டும் இல்ல. கவலையே படாம ஆர்எஸ்ஏ நம்பருக்குப் போன் போடுறீங்க. அந்தப் பக்கம் முதல் கேள்வி: "சார், வண்டி என்ன மாடல்?" சொல்றீங்க. ரெண்டாவது கேள்வி: "சார், உயரம் எவ்வளவு?"

அங்கதான் நம்ம வீடியோ ஆரம்பிக்குது.

வணக்கம் மக்களே. பெங்களூர்ல வீக்எண்ட் ஆனா அத்திப்பள்ளி டோல்ல வரிசைகட்டி நிக்கிற நம்ம ஜனங்களுக்காகவே இந்த வீடியோ. பாதி பேர் ஊருக்குப் போறவங்க, மீதி பேர் ஊர் சுத்தப் போறவங்க. அதுல இப்போ ட்ராவலர், விங்கர், அர்பேனியான்னு வேனை வீடா மாத்திட்டு கிளம்புறவங்களும் சேர்ந்தாச்சு.

பாடத்தைச் சட்டுன்னு முடிச்சிடறேன். ஆர்எஸ்ஏன்னா ரோட்சைடு அசிஸ்டன்ஸ். வண்டி நின்னா ஆள் வருவாங்க. பஞ்சர், பேட்டரி ஜம்ப், சாவி உள்ள மாட்டிக்கிட்டா திறக்கிறது, 5 லிட்டர் மாதிரி கொஞ்சம் எரிபொருள், முடியலைன்னா டோ, அதாவது வண்டியை இழுத்துட்டோ ஏத்திட்டோ போறது. வண்டி கம்பெனிகிட்ட வாங்கலாம், இன்சூரன்ஸோட ஆட்-ஆனா சேர்க்கலாம், தனியாவும் வாங்கலாம். பெரும்பாலும் வருஷத்துக்கு இத்தனை தடவைதான்னு ஒரு கணக்கு இருக்கும். அவ்வளவுதான், பாடம் ஓவர்.

[திரையில்: ஃப்ளாட்பெட் வண்டியும் ட்ராவலரும் பக்கத்துல பக்கத்துல. அளவுக் கோடுகள்.]

இப்போ விஷயத்துக்கு வருவோம். பஞ்சருக்கும் பேட்டரிக்கும் ஆர்எஸ்ஏ தேவையே இல்லை, ஹைவே ஓரத்துல தடுக்கி விழுந்தா பஞ்சர் கடைதான். நீங்க காசு கொடுக்கிறது ஒரே ஒரு விஷயத்துக்கு: டோ. அந்த ஒண்ணுதான் கேம்பர்வேனுக்குச் சொதப்பும்.

ஏன்னா, நிறைய திட்டங்களை எழுதினவங்க மனசுல இருந்தது கார். ஃப்ளாட்பெட்னா நின்ன வண்டியை அப்படியே மேல ஏத்திட்டுப் போற டோ லாரி, அதோட தளமே தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். அதுக்கு மேல ஹை-ரூஃப் வேன், தோராயமா 2.6 மீட்டர்னு வெச்சுக்கோங்க. அதுக்கு மேல ரூஃப் ஏசி, ஒரு கால் மீட்டர். கூட்டுங்க: 3.85. இப்போ இந்த உயரத்தோட ஒரு ரயில்வே அண்டர்பாஸ் முன்னாடி தொங்குற இரும்புக் கம்பியை நினைச்சுப் பாருங்க. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கன்னு கன்னடத்துல சொன்னா பெங்களூர்ல ஆட்டோக்காரர் கேட்பார். கம்பி கேட்காது.

அடுத்தது எடை. வேன் கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த எடையை மறந்துடுங்க. 100 லிட்டர் தண்ணி டேங்க் நிரம்பினா 100 கிலோ. இன்வெர்ட்டருக்குப் போடுற 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒண்ணு 50 கிலோவுக்கு மேல. பிளைவுட், கட்டில், கேஸ் சிலிண்டர், மாமியார் கொடுத்தனுப்பின மாவு டப்பா. எல்லாம் ஏத்தி, டேங்க் நிரப்பி, ஒரு எடை மேடைக்குப் போங்க. லாரி எடை போடுற அதே எடை மேடைதான். சீட்டு கொடுப்பாங்க. அந்தச் சீட்டை ஆர்சி பக்கத்துல வெச்சுக்கோங்க. ஆர்எஸ்ஏ திட்டத்துல "இத்தனை கிலோ வரைக்கும்"னு ஒரு வரி பொடி எழுத்துல இருக்கும். அந்த வரியும் உங்க சீட்டும் ஒத்துப்போகலைன்னா, மீதி என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

[திரையில்: வேனுக்கு அடியில இருந்து எடுத்த காட்சி. நீளமா ஒரு ஷாஃப்ட்.]

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

ஃப்ளாட்பெட் கிடைக்கலைன்னா, முன்பக்கத்தைத் தூக்கிட்டு பின் சக்கரத்தை உருட்டிட்டுப் போற டோ வண்டி வரும். விங்கரா இருந்தா பிரச்சனை இல்லை, அது ஃப்ரண்ட் வீல் டிரைவ். இழுக்கிற சக்கரம் காத்துல தொங்கும், பின் சக்கரம் சும்மா உருளும். ஆனா ட்ராவலர் ரியர் வீல் டிரைவ். பின் சக்கரம் உருண்டா, பின் ஆக்ஸில்ல இருக்கிற க்ரௌன் பல்சக்கரம் சுத்தும். க்ரௌன் சுத்தினா, அதையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுத்தும். ஷாஃப்ட் சுத்தினா கியர் பாக்ஸோட மெயின் ஷாஃப்ட் சுத்தும்.

"நியூட்ரல்ல தானே இருக்கு, சுத்திட்டுப் போகட்டுமே"ன்னு டோ டிரைவர் சொல்வார். தப்பு. கியர் பாக்ஸ்ல ஆயில் அடியில கிடக்கும். அதை வாரி மேல தெளிக்கிறது உள்ளே இருக்கிற இன்னொரு தண்டு, லே ஷாஃப்ட். அந்த லே ஷாஃப்ட்டைச் சுத்த வைக்கிறது இன்ஜின். இன்ஜின் ஆஃப். அதனால அது ஜம்முனு உட்கார்ந்திருக்கும். மெயின் ஷாஃப்ட் மட்டும் 80 கிலோமீட்டர் ஆயிலே இல்லாம ஓடும். வண்டி நின்னது வெறும் ஃபேன் பெல்ட் அறுந்துன்னா, போன இடத்துல அதை 20 நிமிஷத்துல மாத்திடுவாங்க. கியர் பாக்ஸை அப்புறம் தனியா இறக்கணும்.

தீர்வு ரொம்பச் சாதாரணம். க்ரௌன் பக்கத்துல ஷாஃப்ட் சேர்ற ஃப்ளேஞ்ச்ல (வட்டத் தட்டுல) இருக்கிற போல்ட்டைக் கழட்டி, ஷாஃப்ட்டை இறக்கி வேனுக்குள்ள போட்டுக்கணும். கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு ஃப்ளேஞ்ச்லயும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்க, நெயில் பாலிஷ் இருந்தா அதுவும் போதும். திரும்ப மாட்டும்போது அதே கோடு சேரணும். சேரலைன்னா 60-ஐத் தாண்டினதும் வண்டி அடியில வைப்ரேஷன் வரும், அது எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ரெண்டு மெக்கானிக் மாறியிருப்பீங்க. ஷாஃப்ட்டைக் கழட்டின பிறகு கியர் போட்டு வெச்சாலும் வண்டி நிக்காது, ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்குக் கட்டையும் இருக்கணும். இதையும் மறந்துடாதீங்க.

ஃப்ளாட்பெட்டே வந்தாலும் ஒரு சிக்கல் இருக்கு. வின்ச் (கயிறு சுருட்டி இழுக்கிற மெஷின்) வெச்சு முன்பக்கமா ஏத்தும்போது, வேனோட வால் பகுதி நீளம், அது கீழே இறங்கி ரோட்டை உரசும். கரெக்டா அங்கதான் கேம்பர் கட்டினவர் கழிவுநீர் டேங்க்கோட வால்வை வெச்சிருப்பார். உடைஞ்சா வாசனை உங்களோடவே வரும். சாய்தளம் ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு பலகை போட்டா ஏற்றம் குறையும். டேங்க்கைக் காலி பண்ணிட்டு ஏத்துங்க. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்க. ஆனிங், அதான் பக்கவாட்டுல விரிக்கிற கூரை, லாக் ஆகியிருக்கான்னு பாருங்க. பெல்ட்டை டயர் மேல போட்டுக் கட்டச் சொல்லுங்க, பார்த்த கம்பியில எல்லாம் கொக்கி மாட்ட விடாதீங்க. நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு அப்புறம் ஏத்துங்க.

[திரையில்: என்ஹெச் 44 வரைபடம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம்.]

சரி, காசு கணக்கு. தொப்பூர் கணவாய்ல நின்னுட்டீங்கன்னு வைங்க. சேலம் பக்கம், பெங்களூர் சுமார் 160 கிலோமீட்டர். உங்க திட்டத்துல 50 கிலோமீட்டர் டோ இலவசம். "பக்கத்துல இருக்கிற அங்கீகாரம் பெற்ற வொர்க்‌ஷாப்"னு எழுதியிருக்கும், அதனால சேலத்துல விடுவாங்க. இன்ஜின் கோளாறுன்னா அதுதான் நல்லது, ஏத்துக்கோங்க. இல்லை, பெங்களூருக்கே வேணும்னா மீதி 110 கிலோமீட்டர் உங்க பை. கிலோமீட்டருக்கு 50 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சா 5,500. சில திட்டங்கள்ல டோ வண்டி அதோட இடத்திலிருந்து கிளம்பின தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுவாங்க, அப்போ அந்த 50 உங்க வண்டிகிட்ட வந்து சேர்றதுக்கே பாதி கரைஞ்சிருக்கும்.

இன்னொரு காமெடி. கார் நின்னா லாட்ஜ் எடுத்துத் தூங்குவோம். கேம்பர்வேன் நின்னா உங்க வீடே வொர்க்‌ஷாப்புக்குள்ள போயிடும். ராத்திரி 7 மணிக்கு ஷட்டர் இறக்கிடுவாங்க, உள்ளே தூங்க விடமாட்டாங்க. பல திட்டங்கள்ல ஒரு ராத்திரி தங்குற செலவும் டாக்ஸியும் இருக்கும், ஊர்லயிருந்து இத்தனை கிலோமீட்டர் தள்ளி நின்னாதான்னு ஒரு நிபந்தனையோட. கார்க்காரங்க யாரும் படிக்காத இந்த வரியை நீங்க முதல்ல படிங்க.

தேசிய நெடுஞ்சாலையில நின்னா 1033. இது ஆர்எஸ்ஏ இல்லை, நெடுஞ்சாலை உதவி எண். ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வரும். ஆனா கிரேனோட வேலை ரோட்டைக் காலி பண்றது, உங்க வண்டியை ரிப்பேர் பண்றது இல்லை. பாதுகாப்பான இடத்துல விட்டுட்டுப் போயிடுவாங்க. அங்கிருந்து உங்க பாடு.

[திரையில்: ஆத்தங்கரை மணல்ல பாதி புதைஞ்ச பின் டயர்.]

கேம்பர்வேன் மாட்டிக்கிற இடம் பாதி நேரம் ரோடே இல்லை. எஸ்டேட் மண் பாதை, ஆத்தங்கரை, ஏரிக்கரை. இதுக்கு ஆர்எஸ்ஏ வராது. "வண்டி போகக்கூடிய சாலை"ன்னு ஒரு நிபந்தனை இருக்கும், மணல்ல புதைஞ்சா அது பிரேக்டவுன் இல்லைன்னு சொல்லிடுவாங்க. அங்க உங்களுக்கு ஆர்எஸ்ஏ யார்னா, அந்த ஊர்ல டிராக்டர் வெச்சிருக்கிறவர். நல்ல இழுவைக் கயிறு, கயிறை மாட்டுற இரும்பு வளையம் டி-ஷாக்கிள் ரெண்டு, ஒரு மண்வெட்டி இருந்தா அவர் வேலை சுலபம். டயர் காத்தைக் கொஞ்சம் இறக்கினாலே பல நேரம் வெளியே வந்துடும், ரோட்டுக்கு வந்ததும் திரும்ப நிரப்பணும். கார்ல வெச்சிருக்கிற குட்டி பம்ப் 35 பிஎஸ்ஐக்குச் சரி, வேன் டயருக்கு 60-க்கு மேல ஏத்தும்போது சூடாகி நின்னுடும்.

பந்திப்பூர் வழியா ஊட்டி போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி 9-லிருந்து காலை 6 வரைக்கும் காட்டு ரோடு மூடியிருக்கும். எந்த ஆர்எஸ்ஏ இருந்தாலும் எட்டரை மணிக்குக் காட்டுக்குள்ள நுழையாதீங்க.

ஸ்டெப்னியைப் பாருங்க, ப்ளீஸ். வேனுக்கு அடியில இருந்த ஸ்டெப்னியைக் கழட்டிட்டு அங்க தண்ணி டேங்க் வெச்சுக் கட்டித் தர்றாங்க. பஞ்சருக்கு வர்ற ஆர்எஸ்ஏ ஆள் உங்க ஸ்டெப்னியைத்தான் மாட்டுவார், அவர் டயர் கொண்டு வரமாட்டார். அதே மாதிரி பேட்டரி. ஸ்டார்ட்டர் பேட்டரி ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. ராத்திரி வர்ற பையன் பெருசா தெரியுற பேட்டரியில ஜம்ப் கேபிள் மாட்டுவான், அது ஃபேனும் லைட்டும் ஓட்டுற பேட்டரி. "ஸ்டார்ட்டர்"னு பெயின்ட்ல எழுதி வைங்க. டீசல் சுத்தமா தீர்ந்து நின்னா 5 லிட்டர் ஊத்தினது மட்டும் பத்தாது, லைன்ல ஏர் இருக்கும். ஃபில்டர் பக்கத்துல இருக்கிற ஹேண்ட் பம்ப்பைக் கெட்டியாகிற வரைக்கும் அமுக்கிட்டு அப்புறம் செல்ஃப் அடிங்க. ஃப்ரிட்ஜ், அடுப்பு, தண்ணி பம்ப் எல்லாம் ஆர்எஸ்ஏ கணக்குலயே வராது.

நீங்களா வேனை கேம்பரா மாத்தியிருந்தா, அது ஆர்சியில ஏறியிருக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, அனுமதி இல்லாம வண்டியோட அமைப்பை மாத்தக் கூடாது. மோட்டார் கேரவனுக்குன்னே ஏஐஎஸ்-124 தரநிலை இருக்கு. அதைத் தாண்டி கட்டின வண்டிக்கு க்ளெய்ம் கேட்டா, முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். வாடகைக்கு எடுக்கிறவங்க, கருப்பு பலகையில மஞ்சள் எழுத்து இருந்தா அது வாடகை வண்டி. சொந்த வண்டிக்கான திட்டம் அதுக்குச் செல்லாது, கம்பெனியோட திட்டத்தைக் காகிதத்துல வாங்கிப் படிங்க.

அப்போ வாங்கலாமா வேண்டாமா? என் கருத்து: வருஷத்துல ரெண்டு மூணு தடவை 100 கிலோமீட்டருக்கு மேல போறீங்கன்னா, இன்சூரன்ஸோட ஆட்-ஆனா மலிவாக் கிடைச்சா வாங்குங்க. நந்தி ஹில்ஸ் போயிட்டு மத்தியானம் வீட்டுக்கு வர்ற ஆள்னா, அந்தக் காசுல நல்ல ஜாக்கி வாங்குங்க, 2 டன் கார் ஜாக்கி இல்லை, 5 டன் ஹைட்ராலிக். ரெண்டுல எது செஞ்சாலும், ஒரு டோ செலவுக்கான பணத்தைத் தனியா வெச்சுட்டுக் கிளம்புங்க.

வாங்கறதுக்கு முன்னாடி கஸ்டமர் கேர்ல பேசுங்க. எடைச் சீட்டுல இருக்கிற எண், உயரம், ஆர்சியில எழுதியிருக்கிற வகை மூணையும் சொல்லி, "இந்த வண்டியைத் தூக்குவீங்களா, எத்தனை கிலோமீட்டர், எங்கிருந்து கணக்கு?"ன்னு கேளுங்க. "ஆமாம் சார்"னு போன்ல சொன்னா நம்பாதீங்க, மெயில்ல கேளுங்க. மெயில் வரலைன்னா பதில் கிடைச்சாச்சு.

உயரத்தை அளக்கும்போது ஏசி மூடி, சோலார் பேனல் எல்லாத்தையும் சேர்த்து அளங்க. அந்த அளவை எழுதி டேஷ்போர்டுல ஒட்டும்போது மீட்டரோட சேர்த்து அடிக்கணக்குலயும் எழுதுங்க: 2.85 மீட்டர், 9 அடி 4 அங்குலம். ராத்திரி 11 மணிக்கு வர்ற டோ டிரைவர் அடிக்கணக்குலதான் கேட்பார்.