தாழ்ப்பாள் உள்ள அறை

(ஊர்ச் சனசமூக நிலைய வாசகர் வட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். "ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை இன்று ஒரு நவீன நாவல் பற்றிப் பேசுவார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைவர் இருந்துவிட்டார். என்ன மாதிரியான நாவல் என்று அவருக்குத் தெரியும். முன்வரிசையில் கோயில் தர்மகர்த்தா இருக்கிறார் என்பதும் தெரியும். சரி, நானே சொல்கிறேன். பெரிய பணக்காரப் புருசன் பெண்சாதி பற்றிய ஆங்கிலக் காதல் கதை. முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அரைவாசி கட்டிலில் நடக்கிறது.

இலண்டனில் இருக்கும் என் அண்ணன் மகள் அதைப் போனுக்கு அனுப்பினாள். "மாமி, அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்று கூடவே ஒரு குரல்செய்தி. மூன்று இரவில் வாசித்து முடித்தேன். விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். படலை சத்தம் கேட்டால் விரலால் ஒரு தட்டு, பத்திரிகைச் செய்தி வந்துவிடும். நாங்கள் விடுதியில் படித்த காலத்தில் இந்த வசதி இல்லை. மில்ஸ் அன்ட் பூன் காதல் புத்தகத்துக்கு வீரகேசரித் தாளில் உறை போட்டு, மேலே பௌதிகவியல் என்று எழுதி வைப்போம். 1908 இல் இலண்டனில் தொடங்கிய அந்தப் பதிப்பகம் யாழ்ப்பாணத்துப் பெட்டையளின் ஆங்கிலத்துக்குச் செய்த தொண்டைப் பற்றி இன்னும் ஒருவரும் ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை.

நாவலின் மொழி மோசம். நாயகனுடைய தாடை பத்தொன்பது இடத்தில் இறுகுகிறது. எண்ணினேன், வாத்தியார்ப் புத்தி போகாது. இன்னொரு புத்தியும் போகவில்லை. அவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் வெள்ளைப் பட்டு விரிப்பைக் கசக்குகிறார்களே, அதையெல்லாம் ஆர் தோய்க்கிறது? முந்நூறு பக்கத்திலும் பதில் இல்லை. அப்புறம், வீடு யாருடைய பேரில் இருக்கிறது என்று கதாசிரியர் நூறாம் பக்கத்தில்தான் சொல்கிறார். கலியாணத்துக்கு முந்தியே சொத்துப் பற்றி ஒப்பந்தம் எழுதினார்களாம், அது பெரிய திருப்பமாக வருகிறது. எங்கள் சொத்து, கலியாண வழக்கங்களான தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் போட்டு வைத்த ஊர் இது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எல்லாம் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு இது ஒரு திருப்பமா?

ஆனாலும் வாசித்தேன். ஏன் கீழே வைக்க முடியவில்லை என்று யோசித்தால், சூடான பகுதிகளுக்காக என்று சொல்ல மனம் வரவில்லை. அதில் பாதியைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். படகு, வைரம், தனி விமானம் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. நின்றது ஒரு லிஃப்ட். அது நேரே அவர்கள் வீட்டுக்குள்ளே திறக்கிறது. அந்த மாடியில் வேறு குடும்பம் இல்லை, மாமியாரின் இருமல் இல்லை, படலையில் நின்று "பிள்ளை, தேங்காய் துருவி இருக்கோ?" என்று கூப்பிட ஆள் இல்லை. அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். அத்தனை கோடியையும் கொட்டி அவர்கள் வாங்கியது இதைத்தான் என்று எனக்குப் பட்டது.

முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் சங்கக் காதல் பாட்டுகளான கலித்தொகையை அச்சேற்றினார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலா ஏற்றினார்? சிலப்பதிகாரத்தை எடுங்கள். மாசாத்துவான் மகன், மாநாய்கன் மகள், புகாரின் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். மனையறம்படுத்த காதையில் மயன் செய்தது போன்ற மணிக்கால் கட்டிலில் இருவரும் இருக்கிறார்கள். யன்னலின் சின்னத் துவாரத்துக்குள்ளால் தென்றல் வண்டையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மேல்மாடத்துக்கு ஏறுகிறார்கள். அவள் தோளில் அவன் கரும்பும் கொடியும் எழுதுகிறான். இவன் கழுத்துத் தாரும் அவள் மாலையும் சிக்கிக் குலைகின்றன. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலில் நாங்கள் விழுந்து கும்பிடும் அதே கண்ணகிதான்.

அந்தக் காதையின் முடிவில் கோவலனின் தாய் ஒரு வேலை செய்கிறாள். இரண்டு பேரையும் வேறு வீட்டில் குடிவைக்கிறாள். இளங்கோவுக்கும் தாழ்ப்பாளின் அருமை தெரிந்திருக்கிறது.

இந்த ஆங்கிலக் கதாசிரியருக்குத் தெரியாத ஒன்றும் இளங்கோவுக்குத் தெரியும். மலை போன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான் கோவலன். இந்த வறுமை வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. "சிலம்புள கொண்ம்." அவ்வளவுதான் அவள் சொன்னது. என் நாவல்காரத் தம்பதி முந்நூறு பக்கம் கட்டிப்பிடித்தும் இந்த நெருக்கத்துக்குக் கிட்ட வரவில்லை. அவர்களுடைய காசு கடைசிவரை முடியவே இல்லையே, பாவம்.

நான் இப்படி ஒரு புத்தகத்தைக் கடைசியாக வாசித்தது 1995 இல். ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டு நடந்ததே, அதற்குப் பிறகு. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம், நடுவில் சேலைதான் சுவர். எனக்குக் கலியாணமாகி ஏழு மாதம். அட்டை இல்லாத ஒரு காதல் நாவல் கைமாறிக் கைமாறி வந்தது. ஜாம் போத்தல் விளக்கில், அடியில் ஒரு விரல் மண்ணெண்ணெயும் நூல் திரியுமாக எரியும் அந்த வெளிச்சத்தில், பணக்காரத் தம்பதி ஒன்று கடற்கரை மாளிகையில் எந்த அறையில் படுப்பது என்று சண்டை பிடிப்பதை வாசித்தேன். சிரிப்பு வந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் "என்னடி?" என்று கேட்டார்கள்.

அந்த வகுப்பறையில் ஓர் ஆச்சி இருந்தா. பின்னேரம் நாலு மணியானால் எழும்பிவிடுவா. "பிள்ளையள் எல்லாம் கோயிலடிக்கு வாங்கோ, கதை சொல்லுறன்" என்று அத்தனை குஞ்சு குருமன்களையும் திரட்டுவா. பெரியவர்களில் சிலரைக் கிணற்றடிக்கு, சிலரை நிவாரண வரிசைக்கு என்று விரட்டுவா. வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, ஒரு சோடியிடம் மட்டும், "நீங்கள் ரெண்டு பேரும் நிண்டு சாமான்களைப் பாருங்கோ" என்பா. கதவை வெளியே இருந்து தானே இழுத்துச் சாத்துவா. ஒவ்வொரு நாளும் வேறு சோடி. எங்கள் முறை வியாழக்கிழமை.

அங்கே என்ன கதை சொல்கிறா என்று பிறகு ஒரு பொடியனிடம் கேட்டேன். கோவலன் கதை என்றான். எங்கே இருந்து தொடங்கினவா என்று கேட்டேன்.

"மதுரையிலை இருந்து, ரீச்சர்."