வாசற்படிக்கு வெளியே வைக்கப்படும் பெயர்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கலப்பினப் பிள்ளைகள் தம்மை யாராக உணர்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது குடும்பமே என்று எதிரணியினர் உருக்கமாக வாதிட்டார்கள். தாய் ஊட்டிய சோற்றையும் தந்தை சொன்ன கதையையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. அந்தப் பாசம் வாசற்படியைத் தாண்டியதும் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

தென்னாப்பிரிக்காவில் 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் மனிதர்களை இனவாரியாகப் பதிந்தபோது, ஒருவருடைய தோற்றத்தையும் ஊரார் அவரை யாராக ஏற்கிறார்கள் என்பதையும் அளவுகோலாக வைத்தது. ஐயம் எழுந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் அல்லர். நடுவர் அவர்களே, ஒரு குழந்தையின் தலைமுடியில் அந்தப் பென்சில் நிற்கும் கணத்தை எண்ணிப் பாருங்கள்.

சான்ட்ரா லேங் என்ற சிறுமி 1955-இல் வெள்ளையராகப் பதிவுபெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர். நிறமும் சுருண்ட முடியும் வேறாக இருந்ததால், 1966-இல் பள்ளியிலிருந்து காவலர் துணையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, கலப்பினத்தவராக மறுபதிவு செய்யப்பட்டார். தந்தை நீதிமன்றம் வரை போராடினார். 1967-இல் சட்டம் திருத்தப்பட்டதும் சான்ட்ரா மீண்டும் வெள்ளையரானார். இரத்தமும் பெற்றோரும் மாறாதிருக்க, ஓராண்டு இடைவெளியில் ஒரு குழந்தையின் இனம் இரண்டு முறை மாறியது. பின்னாளில் கறுப்பினத்தவர் ஒருவரை மணந்த அவர், தம் பிள்ளைகளோடு வாழ்வதற்காகத் தாமே விண்ணப்பித்துக் கலப்பினத்தவராகப் பதிவை மாற்றவேண்டியிருந்தது. அது அவருடைய சொந்த விருப்பம்தானே என்று எதிரணியினர் கேட்கக்கூடும். பெற்ற பிள்ளைகளைக் காட்டி வாங்கிய சம்மதத்தை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பராக் ஒபாமாவை வளர்த்தவர்கள் வெள்ளையினத் தாயும் தாத்தா பாட்டியும். அமெரிக்காவில் 2000 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க இடமிருந்தும், 2010 கணக்கெடுப்பில் அவர் கறுப்பினம் என்பதை மட்டுமே குறித்தார். வீடு மட்டுமே அடையாளம் தருமானால் அந்தப் படிவம் வேறுவிதமாக நிரம்பியிருக்கும்.

சிங்கப்பூரில் 2011 முதல் கலப்பினப் பிள்ளைகளுக்கு இரட்டை இனப் பதிவு கிடைக்கிறது. நல்ல மாற்றம், ஆயினும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசு வீட்டுக்கான இன ஒதுக்கீட்டில் முதலில் எழுதிய இனமே கணக்கில் வரும். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தை தமிழர், தாய் சீனர். ஒன்பது வயது மகள், இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் கடைக்காரரிடம் தெளிவான தமிழில் மல்லிகைப்பூ கேட்டாள். அவர் ஆங்கிலத்தில் விலை சொன்னார். உணவங்காடியில் சீனத்தில் பேசியபோது, எங்கே கற்றாய் என்று வியந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் தாயிடம், "நான் பேசினா மட்டும் ஏம்மா எல்லாரும் ஆச்சரியப்படறாங்க?" என்று கேட்டாள். இரு மொழியையும் ஊட்டி வளர்த்த அந்தத் தாயிடம் அதற்கு விடை இல்லை. எதிரணியினரிடம் இருக்குமானால், இந்த அவையில் சொல்லட்டும்.