"நடங்க"ன்னு சொல்றது ஈசி: தி.நகர்ல ஒரு நடை

வணக்கம் மக்களே. ஹாரன் சத்தம் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. தி.நகர்ல நடந்துக்கிட்டே பேசுறேன். போன வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் போட்டிருந்தார், "நம்ம ஜனங்க சோம்பேறி ஆயிட்டாங்க ப்ரோ, விஷயம் அவ்வளவுதான்"னு. அதுக்கு லைக் வேற குவிஞ்சு கிடக்கு. சரி, நாம நடக்காம போனதுக்குச் சோம்பேறித்தனம்தான் காரணமான்னு இன்னைக்குப் பேசிடலாம்னு கிளம்பிட்டேன்.

லான்செட் குளோபல் ஹெல்த் பத்திரிகையில 2024-ல ஒரு ஆய்வு வந்துச்சு. வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது லேசா மூச்சு வாங்குற அளவுக்கு உடம்பை அசைக்கிறது, அதுகூட இல்லாத பெரியவங்க இந்தியாவுல எத்தனை பேர்னு கணக்கு போட்டிருந்தாங்க. 2000-ல 22 சதவீதம். 2022-ல 49. பெண்கள்ல மட்டும் 57. ஜிம்முக்குப் போறதை மட்டும் எண்ணல, கவனிங்க. பார்க்குற வேலை, வீட்டு வேலை, கடைக்கு நடந்து போறது எல்லாத்தையும் சேர்த்துத்தான் இந்த நம்பர்.

இப்ப சொல்லுங்க, 22 வருஷத்துல நாட்டுல இன்னொரு கால்வாசிப் பேருக்குச் சோம்பேறித்தனம் ஜலதோஷம் மாதிரி தொத்திக்கிச்சா என்ன? எங்க தாத்தா ஒன்னும் ஃபிட்னஸ் பைத்தியம் கிடையாது. மார்க்கெட் நடக்குற தூரத்துல இருந்துச்சு, பஸ் பிடிக்கணும்னா மெயின் ரோடு வரைக்கும் போயாகணும், ரோட்டுல வண்டி கம்மி. நடந்தார். "நான் இன்னைக்கு வாக்கிங் போறேன்"னு அவர் ஒரு நாளும் சொன்னதில்ல.

ஒரு நிமிஷம், இந்த இடத்தைக் காட்டியே ஆகணும். உஸ்மான் ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்னத் தெரு, பேர் வேணாம். கேமராவைக் கீழ இறக்குறேன். தெரியுதா? ப்ளாட்பாரம் இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது. பையில இஞ்ச் டேப் வெச்சிருக்கேன், சிரிக்காதீங்க... இதோ, தரையில இருந்து மேல் விளிம்பு வரைக்கும் 11 இஞ்ச். கிட்டத்தட்ட ரெண்டு படி உயரம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு இருக்கு. கட்சின்னு நினைச்சுடாதீங்க, ரோடு எப்படிப் போடணும்னு விதிமுறை எழுதுறவங்க. நடைபாதைக்குன்னே 2012-ல ஒரு வழிகாட்டி கொடுத்திருக்காங்க. உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது 6 இஞ்ச். இடைஞ்சல் இல்லாம நடக்குற அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர், ரெண்டு வீல்சேர் எதிரெதிரே வந்தாலும் இடிக்காம போற அளவு. இங்க அந்த 1.8 மீட்டர்ல என்ன இருக்குன்னு பாருங்க. ஈபி பாக்ஸ் ஒன்னு. அதை ஒட்டி மூணு பைக். அடுத்தது ஒரு கடையோட படிக்கட்டு. அப்புறம் ஒரு வீட்டு கேட். கேட் வந்தா ப்ளாட்பாரம் வெட்டுப்பட்டுக் கீழ இறங்கும், திரும்ப ஏறணும். அடுத்த வீடு, திரும்ப இறங்கணும். ப்ளாட்பாரம் ஒரே மட்டத்துல போகணும், கார்தான் சரிவுல ஏறி வீட்டுக்குள்ள போகணும். அதான் முறை. இங்க காருக்குச் சமதளம், மனுஷனுக்கு மேடு பள்ளம்.

எங்க அம்மாவுக்கு முட்டி வலி. டாக்டர் தினம் அரை மணி நேரம் நடங்கன்னார். இப்படி ஏறி இறங்க முடியாம அம்மா ரோட்டுல இறங்கி நடந்தாங்க. ஒரு நாள் ஒரு பைக் முழங்கையை உரசிட்டுப் போச்சு. இப்ப மொட்டை மாடியில எட்டு போட்டுக்கிட்டு இருக்காங்க. அதுவும் நடைதான், ஒத்துக்கிறேன். ஆனா போற வழியில நாலு பேரைப் பார்த்து, கீரை பேரம் பேசி, தெருவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வர்றது போச்சுல்ல?

இவ்வளவுக்கும் சென்னையில கொள்கைக்குப் பஞ்சமே கிடையாது. 2014-லயே மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, இந்திய நகரங்கள்லயே முதல் தடவை. போக்குவரத்துக்கு ஒதுக்குற பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் நடக்குறவங்களுக்கும் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் போகணும்னு எழுதினாங்க. 2018-க்குள்ள 80 சதவீதத் தெருவுல நடைபாதைன்னு இலக்கு. 2018 வந்துச்சு, போச்சு. நான் நின்னுக்கிட்டு இருக்கிற தெருவை நீங்களே பார்த்தீங்க.

ஆனா சும்மா குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நியாயம் இல்ல. வாங்க, பாண்டி பஜார் வந்தாச்சு. தியாகராய ரோடு. 2019 நவம்பர்ல ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல இதைத் திறந்தாங்க. வண்டி போற பாதையைச் சுருக்கி, ரெண்டு பக்கமும் நடைபாதையை அகலப்படுத்தி, உட்கார பெஞ்ச் போட்டு, பைக் ஏறாம இருக்கக் குட்டைத் தூண் நட்டாங்க. கடைக்காரங்க, "கார் நிறுத்த இடம் இல்லன்னா கஸ்டமர் எப்படி வருவான்"னு பயந்தாங்க. இப்ப பாருங்க கூட்டத்தை! அந்தப் பாட்டி பேரனைக் கையை விட்டுட்டு நடக்க விட்டிருக்காங்க. தி.நகர்ல குழந்தை கையை விடுறதாம்! இவங்க யாரும் உடற்பயிற்சி பண்ண வரல. புடவை வாங்க வந்திருக்காங்க. கால் தானா நடக்குது.

இங்க ஒன்னு சொல்லியாகணும். ப்ளாட்பாரம்னு பேச்செடுத்தாலே நம்ம ஆளுங்க முதல்ல பூக்கார அம்மாவைத்தான் கை காட்டுவாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. சாயங்காலம் விளக்கு வெளிச்சமும் நாலு ஆளும் இருக்கிற ப்ளாட்பாரத்துலதான் பொண்ணுங்க தைரியமா நடக்குறாங்க, அந்த வெளிச்சத்துல பாதி பூக்கடை, சுண்டல் வண்டியோடது. ஓரமா அவங்களுக்கு இடம் ஒதுக்குறது பெரிய வித்தை இல்ல. நகராம நிக்கிற காரை விட்டுட்டு கூடையைத் தூக்குறது சுலபம், அதனால தூக்குறாங்க.

உச்ச நீதிமன்றம் 2025 மே மாசம், தடை இல்லாத நடைபாதை அரசியல் சட்டத்தோட 21-வது பிரிவுல வர்ற வாழும் உரிமையோட ஒரு பகுதின்னு சொல்லுச்சு. அந்த வழக்கு யார் போட்டது தெரியுமா? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை எலும்பு டாக்டர் ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல போட்ட வழக்கு. உடைஞ்ச எலும்பை ஒட்ட வெச்சுக்கிட்டே இருந்தவர், உடையிற இடத்தைச் சரி பண்ணுங்கன்னு கோர்ட்டுக்குப் போயிருக்கார்.

அடுத்தது தமிழ்நாடு அரசோட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம். 2023 நவம்பர்ல ஆரம்பிச்சாங்க, 38 மாவட்டத்துலயும் வாக்கிங் போறதுக்குன்னு 8 கிலோமீட்டர் பாதை. அப்ப சுகாதாரத் துறை அமைச்சரா இருந்த மா.சுப்பிரமணியன் மாரத்தான் ஓடுறவர், அந்த ஆர்வம் இதுல தெரியுது. நல்லதுதான். ஆனா அங்க யார் போவாங்கன்னு யோசிங்க. காலையில அஞ்சரை மணிக்கு நேரம் இருக்கிறவங்க. அந்த நேரத்துல அடுப்பு பத்த வெச்சு, பிள்ளைக்கு டிபன் கட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அது இல்ல. அவங்க நடக்கணும்னா, அவங்க எப்படியும் போற வழியிலேயே நடை இருக்கணும்.

அதனாலதான் என் கணக்குல விடியல் பயணம் பெரிய உடற்பயிற்சித் திட்டம். 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. மாநிலத் திட்டக் குழு ஆய்வுல ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரி 888 ரூபாய் மிச்சம்னு வந்துச்சு. எல்லாரும் காசைப் பத்திதான் பேசினாங்க. ஆனா பஸ்ல போறவங்க ரெண்டு பக்கமும் நடந்தாகணும், வீட்டுல இருந்து ஸ்டாப், ஸ்டாப்ல இருந்து வேலை. பைக்கும் காரும்தான் வாசல்ல ஏத்தி வாசல்ல இறக்கும். "ரெண்டு ஸ்டாப் தூரம் நடந்து போனவங்க இப்ப ஓசி பஸ் ஏறிடுறாங்களே"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். இருக்கலாம். ஆனா அது மதிய வெயில்ல, இடுப்புல கூடையோட, அஞ்சு ரூபாய் மிச்சம் பிடிக்க நடந்த நடை. அதை ஆரோக்கியக் கணக்குல எழுத எனக்கு மனசு வரல.

சைக்கிள் கதை இதைவிட வேடிக்கை. தமிழ்நாட்டு அரசு 2001-ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, 2005 வாக்குல அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி ப்ளஸ் ஒன் பிள்ளைங்க எல்லாருக்கும் இலவச சைக்கிள். பீகார்ல 2006-ல இதே மாதிரி கொடுத்தப்போ, உயர்நிலைப் பள்ளியில சேர்ற பொண்ணுங்க சுமார் 30 சதவீதம் கூடினாங்கன்னு கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் ரெண்டு பேரும் ஆய்வு பண்ணி எழுதியிருக்காங்க. சரி, நம்ம பொண்ணு பதினாறு வயசுல சைக்கிள் வாங்குறா. படிச்சு வேலைக்குப் போறா. 2018-ல அதே தமிழ்நாட்டு அரசு, வேலைக்குப் போற பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க பாதி விலை, 25,000 ரூபாய் வரைக்கும் மானியம்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுச்சு. தப்புன்னு சொல்ல மாட்டேன், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்றவளுக்கு அது பாதுகாப்பு. ஆனா ரெண்டு திட்டத்துக்கும் நடுவுல, அவ சைக்கிளை விடாம ஓட்ட ஒரு பாதை போடலாம்னு யாருக்குமே தோணல. அண்ணா சாலையில காலை ஒன்பது மணிக்குச் சைக்கிள் ஓட்டிப் பாருங்க, தெரியும். இல்ல, ஓட்டிப் பார்க்காதீங்க.

ஸ்கூல் பி.டி. பீரியட் பத்தித் தனி வீடியோ போடணும். கணக்கு வாத்தியார் பீரியடைக் கடன் வாங்குறதை நிறுத்துங்கன்னு 2024-ல அப்ப துணை முதல்வரா இருந்த உதயநிதி ஸ்டாலினே மேடையில சொல்ற அளவுக்கு இருக்கு நிலைமை.

கடைசியா, நீங்க கேக்கப் போறது தெரியும்: "நாங்க என்ன பண்றது?" மாநகராட்சி நம்பர் 1913. ஆனா மொட்டையா "ப்ளாட்பாரம் சரியில்ல"ன்னு சொன்னா ஒன்னும் நடக்காது. ப்ளாட்பாரம் மாநகராட்சியோடது, ஈபி பாக்ஸ் மின்வாரியத்தோடது, நிக்கிற பைக் டிராஃபிக் போலீஸ் பொறுப்பு. ஒருத்தரைக் கேட்டா இன்னொருத்தரைக் கை காட்டுவாங்க. அதனால மூணையும் அந்தந்தத் துறைக்குத் தனித்தனியா, போட்டோவோட, எந்த வீட்டு நம்பருக்கு எதிர்லன்னு குறிப்பிட்டுப் போடுங்க, புகார் நம்பரை எழுதி வெச்சுக்கோங்க. வார்டு மக்கள் கூடிப் பேசுற ஏரியா சபைக் கூட்டம் நடந்தா கவுன்சிலர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த வருஷம் நம்ம வார்டு ரோட்டுக் காசுல நடைபாதைக்கு எவ்வளவு?" என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. வார்டு நம்பரை மறக்காம சேருங்க, அடுத்த வீடியோவுல வரிசையாப் படிக்கிறேன். சரி, பஸ் வந்துடுச்சு, ஏறுறேன். வரட்டா?