கூடி வாசித்த வீடுகளின் நம்பிக்கை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இந்த மாலையில் இங்கே வந்து கூடியிருக்கும் சபையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

சோதனைக் காலத்தில் கிறிஸ்தவரின் நம்பிக்கையை நிலைநிறுத்துவது தனி ஜெபமா, நாள்தோறும் கூடி வாசிக்கும் வேதமா என்பது நம்முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. கூடி வாசிக்கும் வேதமே என்று வாதிட நான் எழுந்து நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று ஆண்டவரே சொன்ன பிறகு கூட்டம் எதற்கு என்று கேட்டார். ஆண்டவரின் கட்டளையை மறுக்கும் துணிவு எனக்கில்லை. ஆனால், மனிதர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபித்தவர்களின் மாயத்தைக் கண்டிக்கவே அவர் அதைச் சொன்னார். துன்பத்தில் இருப்பவரைத் தனியே விட்டுவிடச் சொல்லவில்லை. அதே இடத்தில் அவர் கற்றுக்கொடுத்த ஜெபம் "எங்கள் பிதாவே" என்றுதான் தொடங்குகிறது. இன்னொன்றையும் இந்த வன்னி மண்ணில் நின்று நான் சொல்லியாக வேண்டும். 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில், ஒரே தறப்பாளின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்களாக இருந்த நமக்குப் பூட்டுவதற்குக் கதவு இருக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்திலும் நம்பிக்கை எப்படிப் பிழைத்தது என்பதற்கு எதிரணியினர் இன்னும் விடை சொல்லவில்லை.

பவுலும் சீலாவும் பிலிப்பி நகரத்துச் சிறையில் ஜெபித்தார்களே என்று இரண்டாவதாகப் பேசிய சகோதரி கேட்டார். ஜெபித்தார்கள், உண்மை. ஆனால் அங்கே இருந்தவர்கள் இருவர். நடுராத்திரியில் அவர்கள் துதித்துப் பாடியதைக் காவலில் இருந்த மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே அந்தச் சான்று எங்கள் அணிக்கே உரியது.

நாள்தோறும் வரிசையாக வாசிப்பது நாளடைவில் வெறும் சடங்காகிவிடும் என்ற குற்றச்சாட்டையே நான் பாரமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் ஓரளவு உண்மை உண்டு. பிள்ளைகள் தூங்கி விழுவதும், பெரியவர்கள் அவசரமாக வாசித்து முடிப்பதும் எல்லா வீடுகளிலும் நடப்பவைதாம். ஆயினும் வரிசையாக வாசிப்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. நாமாகத் தெரிவு செய்தால் ஆறுதலான வசனங்களை மாத்திரமே தேடிப் போவோம். வரிசையோ, நாம் ஒருபோதும் விரும்பித் திறக்காத பக்கங்களுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. யோபுவின் முறைப்பாட்டையும், எரேமியாவின் புலம்பலையும், முடிவுவரை இருளிலேயே நிற்கும் எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் வாசிக்கும்போதுதான், அழுவதும் வேதத்துக்கு உட்பட்ட காரியம் என்பது துன்பப்பட்ட ஒரு குடும்பத்துக்குத் தெரியவருகிறது.

விசுவமடுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாய், போரில் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர், நுண்கடன் எடுத்ததை எல்லோருக்கும் மறைத்து வைத்திருந்தார். தவணைக்காசு கேட்டு வருபவர்களுக்கு அஞ்சி, பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாராம். ஒருநாள் மாலை அவர்களது வாசிப்பு இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்துக்கு வந்தது. கணவனை இழந்த ஒரு பெண். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். அதை வாசித்துக்கொண்டிருந்த மூத்த மகள் நிமிர்ந்து பார்த்தபோது தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அன்றிரவே அவர் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அதிகாரத்தில் நடந்ததுபோல எண்ணெய் குடத்திலிருந்து பெருகவில்லை, கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் எலிசா தீர்க்கதரிசி அந்தப் பெண்ணிடம் முதலில் செய்யச் சொன்னது அயலாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கும்படிதான் என்பதை அந்தப் பிள்ளைகள் கவனித்தார்கள். மறுநாள் அந்தத் தாய் அயல்வீட்டுக்குப் போய்த் தம் நிலையைச் சொன்னார். சாத்தியிருந்த கதவு திறந்தது. தனியே ஜெபித்த மாதங்களில் அவர் அந்தச் சுமையை ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதையும் நடுவர் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தின் பதினோராம் வசனம் அடிக்கடி அச்சிடப்படுகிறது. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்ற அந்த வசனத்தைத் தனித்து வாசித்தால், என் மகனுக்கு வேலை, என் மகளுக்கு வரன் என்றே மனம் போகும். அதிகாரம் முழுவதையும் ஒரு குடும்பமாக வாசித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு மக்கள்கூட்டத்துக்கு எழுதிய கடிதம். எழுபது ஆண்டுகள் ஆகும் என்று முந்திய வசனமே சொல்கிறது. அதுவரை வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று அதற்கு மேலே சொல்லியிருக்கிறது. அந்த வாக்குறுதி "உன்" என்று ஒருவருக்குச் சொன்னதன்று, "உங்கள்" என்று பலருக்குச் சொன்னது. 2010இல் மீள்குடியேறி, கூரையில்லாத வீட்டின் முன்னால் தென்னம்பிள்ளை நட்டவர்களுக்கு இந்தக் கடிதத்தை விளக்க வேண்டிய தேவையே இல்லை. உரோமர் பதினைந்தாம் அதிகாரத்தில் பவுல், வேதம் தரும் பொறுமையினாலும் ஆறுதலினாலும் "நாம்" நம்பிக்கையுள்ளவர்களாகிறோம் என்று எழுதும்போது, அவரும் அதே பன்மையில்தான் எழுதுகிறார்.

இறுதியாக என் வீட்டைப் பற்றிச் சொல்ல நடுவர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். நாங்கள் ஆறு பேர். இடப்பெயர்வு தொடங்கியது முதல், தர்மபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர்ந்த இடமெல்லாம், இரவில் பதுங்குகுழியான பங்கருக்குள் இருந்து நூற்றிருபத்தோராம் சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்தோம். முதலாவது அப்பா, இரண்டாவது அம்மா, மூன்றாவது அம்மம்மா, நான்காவது அண்ணன், பிறகு நான், தங்கை. மிஞ்சிய இரண்டும் மறுபடி அப்பாவுக்கும் அம்மாவுக்கும். அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அண்ணன் அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொல்லிக்கொடுக்க, அவர் திருப்பிச் சொல்வார்.

வட்டுவாகலைக் கடந்தபோது எங்கள் வேதப்புத்தகம் தொலைந்தது. அண்ணனும் எங்களோடு இல்லை. முகாமில் முதல் இரவு, வெளிச்சமும் இல்லை, புத்தகமும் இல்லை. அப்பா மனனமாகத் தொடங்கினார். அம்மா சொன்னார். அம்மம்மா, சொல்லிக்கொடுக்க ஆளின்றித் தம் வசனத்தைத் தாமே சொன்னார். நான்காவது வசனம் வந்தபோது ஒருவரும் பேசவில்லை. அடுத்த குடும்பத்தின் குழந்தை இருமுவது கேட்டது. அப்போது அம்மம்மா, "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்று பேரனின் வசனத்தையும் சொல்லி முடித்தார். அத்தனை இரவுகளும் அவன் பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டே அவர் அதைப் பாடமாக்கியிருந்தார். அம்மாவால் அந்த இரவு ஜெபிக்க முடியவில்லை, எனக்கும் முடியவில்லை. என்றாலும் சங்கீதம் எட்டாம் வசனம்வரை போய் முடிந்தது.

அண்ணனைப் பற்றி இன்றுவரை எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. அம்மம்மாவும் காலமாகிவிட்டார். நான்காவது வசனத்தை இப்போது தங்கையின் மகன் வாசிக்கிறான், இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். நேற்றிரவும் "தூங்குவதுமில்லை" என்ற சொல்லில் எழுத்துக்கூட்டத் தடுமாறி நின்றான். அவனுக்குப் பதிலாகச் சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பா கையை உயர்த்தி என்னைத் தடுத்துவிட்டு, அவன் தானாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்.